முப்பத்தெட்டுப் பல்

ஒருவருடைய மோட்டார் சைக்கிளின் பின்சக்கரத்தில் எத்தனை பல் என்று சொன்னால் போதும், அவர் வீடு எங்கே இருக்கிறது என்று நான் சொல்லிவிடுவேன். இது ஜோசியம் இல்லை. என் மெக்கானிக் கடை ஒரு மேட்டின் உச்சியில் இருக்கிறது. முன்பக்கம் கடை, பின்பக்கம் வீடு. கீழே நெடுஞ்சாலையிலிருந்து இங்கே வர ஒன்றரை கிலோமீட்டர் ஏற வேண்டும். நடுவில் இரண்டு வளைவுகள். இரண்டாவது வளைவில் வண்டிகள் மூச்சு வாங்கும். மேலே குடியிருப்பவர்கள் பின்னால் நாற்பத்திரண்டு பல் ஸ்பிராக்கெட், அதாவது செயின் ஓடுகிற பல்சக்கரம், போட்டுக்கொள்வார்கள். இழுவை கிடைக்கும், வேகம் போய்விடும். கீழே சமதரையில் இருப்பவர்கள் முப்பத்தெட்டு போடுவார்கள். வேகம் கிடைக்கும், மேடு ஏறாது. இரண்டும் வேண்டும் என்று கேட்கிறவர்களும் உண்டு. அவர்களை உட்காரவைத்து, குடிக்கத் தண்ணீர் கொடுத்து அனுப்பிவிடுவேன்.

ஆகவே ஒரு செவ்வாய்க்கிழமை காலை என் மச்சினன் என் மனைவியின் வண்டியைக் கடை முன்னால் நிறுத்தி, சட்டைப்பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்து நீட்டியபோது, அதைப் படித்து முடிக்க எனக்கு இரண்டு நொடி ஆனது. புரிந்துகொள்ள ஒரு நொடிகூட ஆகவில்லை. அவள் கையெழுத்து.

"முன் 14. பின் 38. செயின் 108 லிங்க், லாக்கோடு சேர்த்து."

அந்த வண்டியில் இருந்தது நாற்பத்திரண்டு. நானே போட்டது. அவள் கோபித்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய் மூன்று மாதம் ஆகியிருந்தது. அவள் அம்மா வீடு கீழே, சமதரையில், நெடுஞ்சாலையில் இருபது கிலோமீட்டர் தள்ளி. நாற்பத்திரண்டு இருக்கும்வரை அவள் எப்போது வேண்டுமானாலும் மேட்டில் ஏறி வீட்டுக்கு வரலாம் என்று எனக்கு ஒரு நம்பிக்கை இருந்தது. முப்பத்தெட்டு போட்டுவிட்டால் இரண்டாவது வளைவில் நின்றுவிடும். இனி வருவதாக இல்லை என்பதை இதைவிடத் தெளிவாக ஒரு மெக்கானிக்குக்கு எழுதி அனுப்ப முடியாது. வக்கீல் நோட்டீஸ்கூட இவ்வளவு சுருக்கமாக இருக்காது.

அவள் ஏன் போனாள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மறைத்து என்ன ஆகப்போகிறது, அன்று கடையில் இருந்தவர்களுக்கெல்லாம் தெரிந்த விஷயம்.

பன்னிரண்டு வருடமாகக் கடையின் உதிரிபாகங்கள் பகுதியை அவள்தான் பார்த்துவந்தாள். புதுச் செயின் பெட்டியில் நூற்றிருபது லிங்க்கோடு வரும். வண்டிக்கு ஏற்ற நீளத்துக்கு வெட்டிப் போட வேண்டும். அவள் செயினைப் பலகையில் நீட்டி, பத்து லிங்க்குக்கு ஒரு சாக்பீஸ் புள்ளி வைத்து எண்ணுவாள். நான் எண்ண மாட்டேன். பழைய செயினைப் பக்கத்தில் நீட்டி, அதே அளவுக்கு வெட்டுவேன். இருபது வருட அனுபவம், எண்ணுவதற்கு நான் என்ன ஒன்றாம் வகுப்பா?

அன்று பால்காரரின் வண்டி. கீழே வீடு மாறியிருந்தவர் திரும்ப மேலே குடிவந்திருந்தார். முப்பத்தெட்டை எடுத்துவிட்டு நாற்பத்திரண்டு போட வேண்டும். நான் வழக்கம்போலப் பழைய செயினை நீட்டிப் புதியதை அதே அளவுக்கு வைத்தேன். பின்னாலிருந்து அவள், "சக்கரம் நாலு பல் பெருசாகுது, ரெண்டு லிங்க் கூட வேணும்" என்றாள். சரியான பேச்சு. ஆனால் ஆட்கள் இருந்தார்கள். பால்காரர் இருந்தார், ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர் இருந்தார், பாங்க் கிளார்க் இருந்தார். நான் தலையைத் தூக்காமல், "சும்மா இரு. உனக்கு என்ன தெரியும்?" என்றேன்.

வெட்டினேன். மாட்டினேன். செயினின் இரண்டு முனைகளும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு ஓர் அங்குலம் தள்ளி நின்றன. சக்கரத்தை முன்னால் தள்ளி, முட்டிபோட்டு இழுத்துப் பார்த்தேன். இரும்புக்கு என் அனுபவம் எத்தனை வருடம் என்று தெரியவில்லை. யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது. கடைசியில் வெட்டிப் போட்ட துண்டிலிருந்து இரண்டு லிங்க்கை எடுத்து, முனைகளைக் கோக்கிற இன்னொரு லாக் போட்டு ஒட்டுப்போட்டேன். "இப்பல்லாம் கம்பெனிக்காரன் அளவே சரியில்ல" என்று பால்காரரிடம் சொன்னேன். அதைச் சொன்னபோதுதான் அவள் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போனாள். அரைமணி நேரத்தில் பையோடு வெளியே வந்தாள். சத்தம் போடவில்லை. அம்மா வீட்டுக்குப் போவதாகச் சொன்னாள். எத்தனை நாள் என்று கேட்டேன். எண்ணிச் சொல்வதாகச் சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினாள்.

ஒரு வாரத்தில் வந்துவிடுவாள் என்று நினைத்தேன். பிறகு ஒரு மாதத்தில். பிறகு நினைப்பதை நிறுத்திவிட்டு, கடையில் எது எங்கே இருக்கிறது என்று தேடுவதிலேயே பொழுது போனது.

இனி மச்சினனுக்கு வருவோம். கண்ணாடிக் கடையில் வேலை. தங்கமான பையன் என்று எல்லோரும் சொல்வார்கள், நானும் சொல்லியிருக்கிறேன். ஆனால் கியர் இல்லாத ஸ்கூட்டர் ஓட்டுகிறவன். கியர் இல்லாத ஸ்கூட்டரில் செயினும் கிடையாது, பல்லும் கிடையாது, உள்ளே ஒரு பெல்ட் ஓடுகிறது. அதை ஓட்டுகிறவனிடம் ஸ்பிராக்கெட் விஷயத்தில் நியாயம் பேசுவது சுவரிடம் பேசுவதுதான். இருந்தாலும் பேசினேன்.

முப்பத்தெட்டு எதற்கு என்று கேட்டேன். அக்கா எழுதியதை அப்படியே கொண்டுவந்ததாகவும் தனக்கு ஒன்றும் தெரியாது என்றும் சொன்னான். நாற்பது போடலாம், இரண்டுக்கும் நடுவில் இருக்கும், போகவும் போகும், ஏறவும் ஏறும் என்று ஐந்து நிமிடம் விளக்கினேன். வேண்டுமானால் பின்சக்கரத்தைத் தொடாமல் முன்னால் மட்டும் ஒரு பல் கூட்டிப் பதினைந்து போடலாம், முன்னால் ஒரு பல் பின்னால் மூன்று பல்லுக்குச் சமம், செலவும் குறைவு, எப்போது வேண்டுமானாலும் பழையபடி மாற்றிக்கொள்ளலாம் என்றேன். 'எப்போது வேண்டுமானாலும்' என்பதைக் கொஞ்சம் அழுத்தியே சொன்னேன். அவன் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, "சீட்டுல முப்பத்தெட்டுன்னு இருக்கு மாமா" என்றான்.

முப்பத்தெட்டு கைவசம் இல்லை என்றேன்.

அவன் எனக்குப் பின்னால் சுவரைப் பார்த்தான். நானும் திரும்பிப் பார்த்தேன். ஆணியில் வரிசையாகப் பதினொரு ஸ்பிராக்கெட்டுகள் தொங்கிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றிலும் ஓர் அட்டை. ஒவ்வோர் அட்டையிலும் அவன் அக்காவின் முத்தான கையெழுத்தில் 38 என்று எழுதியிருந்தது.  அவன் அவற்றை எண்ணினான். உதடு அசைந்ததைப் பார்த்தேன். அந்தக் குடும்பத்துக்கே எண்ணுகிற வியாதி இருக்கிறது.

சாயங்காலம் வந்து எடுத்துக்கொள்ளச் சொல்லி அவனை அனுப்பினேன்.

வேலையை ஆரம்பித்தேன். பின்சக்கரத்தைக் கழற்றி, நாற்பத்திரண்டை எடுத்து, முப்பத்தெட்டைப் பொருத்தினேன். பல்லுக்குப் பல் வித்தியாசம் கையில் வைத்துப் பார்த்தால் ஒன்றுமே இல்லை. நாலு பல். அதற்குள் ஒரு குடித்தனம் அடங்கியிருக்கிறது என்று யாரிடம் சொல்வது? மனசு கனத்துக் கிடந்தது. கை பாட்டுக்கு வேலை செய்தது.

பிறகு புதுச் செயினை எடுத்துப் பலகையில் நீட்டினேன். யாரும் இல்லாததால் எண்ணினேன். நூற்றெட்டு வந்த இடத்தில் சாக்பீஸால் புள்ளி வைத்தேன். செயின் கட்டரை அந்த இடத்தில் மாட்டியபோதுதான் அந்த யோசனை வந்தது.

பெரிய சக்கரத்துக்கு நீளச் செயின் வேண்டும், சின்னதுக்குக் குட்டை போதும். நூற்றெட்டில் வெட்டிவிட்டால் இந்தச் செயினில் மறுபடி நாற்பத்திரண்டு போட முடியாது. நூற்றுப்பத்தாக விட்டால் முடியும். முப்பத்தெட்டுக்கு நூற்றுப்பத்து கொஞ்சம் தொளதொளக்கும். ஆனால் பின்சக்கரத்தின் அச்சு, அதாவது ஆக்ஸில், நிற்கிற துளை நீளவாக்கில் இருக்கும். சக்கரத்தை அரை அங்குலம் பின்னால் தள்ளினால் இறுக்கம் கிடைத்துவிடும். தள்ளினேன். ஆக்ஸில் துளையின் கடைசியில் போய் முட்டிக்கொண்டு நின்றது. செயின் கச்சிதமாக இருந்தது. புதுச் செயின் ஓடஓடக் கொஞ்சம் நீளும் என்பதும், அப்போது இன்னும் பின்னால் தள்ள இடம் இருக்காது என்பதும் எனக்குத் தெரியும். தெரியாமல் இல்லை. அதுதான் எனக்கு வேண்டியிருந்தது. நீண்டு தொங்கினால் சரிபண்ண எங்கே வருவாள்? இங்கேதான் வர வேண்டும். தம்பியை அனுப்பினாலும் சரி, அவளே வந்தாலும் சரி, கதவு சாத்தப்படவில்லை. இரண்டே லிங்க்கில் ஒரு குடும்பத்தைக் கட்டி வைத்துவிட்டேன் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். சாயங்காலம் மச்சினன் வந்தபோது டீ வாங்கிக் கொடுத்தேன். எல்லாம் சீட்டில் உள்ளபடிதானே என்று கேட்டான். உள்ளபடிதான் என்றேன்.

வெள்ளிக்கிழமை மதியம் அவள் வந்தாள்.

நடந்து வந்தாள். முகமெல்லாம் வியர்வை, ஒரு கையில் ஹெல்மெட், தோளில் பை. நான் ஒரு கார்புரேட்டரைக் கழுவிக்கொண்டிருந்தேன். வாசலில் நிழல் விழுந்ததும் நிமிர்ந்தேன். மூன்று மாதத்தில் கொஞ்சம் கறுத்திருந்தாள். எனக்கு வாயில் வந்த முதல் வார்த்தை, "வண்டி எங்க?" என்பதுதான். இதற்காகப் பிறகு நிறைய நொந்துகொண்டேன்.

"கீழ மெயின் ரோட்டுப் பாலத்துப் பக்கத்துல நிக்குது" என்றாள். "முப்பத்தெட்டு மேட்டுல ஏறாதாமே. அதான் நடந்து வந்தேன்."

"நடந்தா?"

"இருபத்தஞ்சு நிமிஷம். நடுவுல ஒரு தடவை உக்காந்தேன்."

ஒன்றரை கிலோமீட்டர். இந்த மேட்டில் மனுஷர்கள் காலாலும் ஏறலாம் என்பது இருபது வருடத்தில் என் கணக்கில் ஒருமுறைகூட வந்ததில்லை. நான் பல்லைத்தான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

அவள் உள்ளே வந்து, யாரையும் கேட்காமல், செயின் கட்டரைச் சுவர் ஆணியிலிருந்து எடுத்தாள். நான் அதை வேறு ஆணியில் மாட்டியிருந்தேன், அதையும் ஒரு பார்வையில் கண்டுபிடித்தாள். இரண்டு ஸ்பானர் எடுத்தாள். ஒரு சாக்பீஸ் எடுத்தாள். பைக்குள் போட்டுக்கொண்டு, வேலை முடிந்ததும் தம்பியிடம் கொடுத்தனுப்புவதாகச் சொல்லிவிட்டு இறங்கி நடக்க ஆரம்பித்தாள். நான் பெட்ரோல் கையோடு பின்னால் ஓடினேன். கடையைச் சாத்தக்கூட இல்லை.

இறங்கும் வழியில் நான் இரண்டு மூன்று முறை பேச்சை ஆரம்பித்தேன். அவள் இன்னும் வேகமாக நடந்தாள். பாலத்துப் பக்கத்தில் வண்டி சைடு ஸ்டாண்டில் நின்றது. செயின் துணி காயப்போடுகிற கயிறு மாதிரித் தொங்கியது. 

அவள் குந்தி உட்கார்ந்து, செயினில் தானே வைத்திருந்த புள்ளிகளைக் காட்டினாள். ஏற்கனவே எண்ணியிருக்கிறாள்.

"நூத்திப்பத்து" என்றாள். "நான் எவ்வளவு எழுதினேன்?"

"நூத்தியெட்டு."

"நேத்தே தொங்க ஆரம்பிச்சுது. தள்ளலாம்னு பாத்தா ஆக்ஸில் கடைசில நிக்குது. இன்னைக்கு வேலைக்குப் போறப்போ எழுபதுல போயிட்டிருந்தேன். பல்லு மேல ஏறித் தாண்டுச்சு. பின்னாடி லாரி வருது. அறுந்து சக்கரத்துல சிக்கியிருந்தா, இப்ப எங்கம்மா உங்களுக்குப் போன் பண்ணியிருப்பாங்க."

அதே குரலில்தான் சொன்னாள். பாகங்கள் பகுதியில் உட்கார்ந்து இருப்பு சொல்கிற குரல்.  பாலத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டேன். செயின் தொங்கும் என்று தெரிந்துதான் விட்டேன். தொங்கினால் வருவாள் என்றுதான் யோசித்தேன். தொங்குகிற செயினின் மேலே அவள் உட்கார்ந்திருப்பாள் என்பதை யோசிக்கவே இல்லை. எந்த வாடிக்கையாளருக்கும் நான் இப்படிச் செய்ததில்லை. பெண்டாட்டிக்குச் செய்தேன்.

"நீ திரும்பி வரணும்னுதான்…" என்றேன். சொல்லும்போதே அசடு வழிந்தது. "முப்பத்தெட்டு போட்டா மேல வரமாட்டேன்னு நினைச்சேன்."

அவள் செயின் லாக்கைக் கழற்றிக்கொண்டே, கீழே ஒரு தொழிற்சாலையின் ஸ்டோரில் வேலை கிடைத்திருக்கிறது என்று சொன்னாள். தினம் போக முப்பத்தைந்து, வர முப்பத்தைந்து கிலோமீட்டர், எல்லாம் நெடுஞ்சாலை, நாற்பத்திரண்டு பல்லில் அறுபதைத் தாண்டினால் என்ஜின் கத்துகிறது. அவ்வளவுதான் விஷயம். சீட்டில் முப்பத்தெட்டு என்று எழுதினால் முப்பத்தெட்டு என்றுதான் அர்த்தம். சக்கரத்தின் பின்பக்கத்தைப் பிடிக்கச் சொன்னாள். பிடித்தேன். கட்டரை மாட்டித் திருகினாள். லிங்க்கைக் கோத்திருந்த ஊசி ஒன்று வெளியே வந்து மண்ணில் விழுந்தது.

பிறகு கையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"நான் மேல வரணும்னா நாப்பத்திரண்டு பல்லு வேணும், சரி. நீங்க கீழ வர எத்தனை பல்லு வேணும்?"

நான் சக்கரத்தை இன்னும் இறுக்கிப் பிடித்தேன்.

"இந்த மேட்டுல இறங்குறதுக்கு என்ஜினே வேணாம். நியூட்ரல்ல விட்டா பாலம் வரைக்கும் வந்துரலாம். மூணு மாசமா மேட்டு உச்சியில உக்காந்துகிட்டு, என் வண்டில எத்தனை பல்லு இருக்குன்னு பாத்துகிட்டு இருந்திருக்கீங்க."

அவள் சொன்னது அத்தனையும் சரி.  அவள் இரண்டு லிங்க்கைக் கழற்றி, லாக்கைப் போட்டு, சக்கரத்தை முன்னால் தள்ளி, செயினை விரலால் தூக்கிப் பார்த்தாள். ஓர் அங்குலம் ஆடியது. இருக்க வேண்டிய அளவு. ஆக்ஸிலை நான் இறுக்கினேன், அதையாவது செய்கிறேன் என்று கேட்டு வாங்கி. இறுக்கிக்கொண்டே, முகத்தைப் பார்க்காமல், சொன்னேன்.

"அன்னைக்குச் சும்மா இருன்னு சொன்னது தப்பு. நீ சொன்ன கணக்குதான் சரி. இந்த நூத்தியெட்டும் சரி."

ஒரு லாரி போனது. அது போகும்வரை காத்திருந்தாள்.

"இங்க யாரு இருக்கா கேக்க?" என்றாள்.

சுற்றிலும் பார்த்தேன். பாலம் இருந்தது. நாங்கள் இருந்தோம்.

"அன்னைக்குக் கடைல எத்தனை பேர் இருந்தாங்க?"

"மூணு பேர்" என்றேன்.

"நாலு. வாசல்ல தையல்காரம்மா பஞ்சர் போட நின்னுட்டிருந்தாங்க." ஹெல்மெட்டைப் போட்டு வாரை இறுக்கினாள். "நாளைக்கு எனக்கு லீவு. பத்து மணிக்கு வர்றேன். அந்த நாலு பேரும் இருக்கணும்."

"அதுக்கப்புறம்?" என்று கேட்டேன்.

"அதுக்கப்புறம் என்னங்கறத அதுக்கப்புறம் பாக்கலாம்."

வண்டியைக் கிளப்பினாள். முப்பத்தெட்டு நன்றாகத்தான் ஓடியது. மூன்றாவது கியரிலேயே கண்ணிலிருந்து மறைந்துவிட்டாள். நான் மேட்டைப் பார்த்தேன். ஏறினேன். அவளுக்கு இருபத்தைந்து நிமிடம், எனக்கு நாற்பது ஆனது. இரண்டு முறை உட்கார்ந்தேன்.

கடை திறந்தபடியே கிடந்தது. முதலில் போஸ்ட்மாஸ்டருக்குப் போன் செய்தேன். அவர் எதற்கும் காரணம் கேட்காதவர், வருகிறேன் என்றார். பாங்க் கிளார்க்கின் வீட்டில் யாரோ எடுத்து, சொல்லிவிடுவதாகச் சொன்னார்கள். தையல்காரம்மா, டியூபில் ஏதாவது பிரச்சினையா, போட்டதற்குத் திரும்பக் காசு தரப்போகிறேனா என்று கேட்டார். அதெல்லாம் இல்லை, வந்தால் போதும் என்றேன்.

பால்காரரைத்தான் கடைசியாக வைத்திருந்தேன்.

"செயின்ல எதாவது கோளாறா?" என்றார். பதறிவிட்டார் பாவம்.

"செயின் நல்லாத்தான் இருக்கு. நாளைக்குப் பத்து மணிக்குக் கடைக்கு வரணும். உங்க முன்னால ஒண்ணு சொல்லணும்."

"போன்லயே சொல்லிடலாமே."

"இல்லண்ணே" என்றேன். "நேர்லதான் சொல்லணும். அன்னைக்கு நேர்லதான் சொன்னேன்."